சுமை குறைந்த மலைநடையும் அதற்குரிய நூல்களும்

கொடைக்கானலுக்கு மேற்கே, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி முதலிய சிற்றூர்களை ஒட்டிப் பழனிமலையின் உயரத்தே அமைந்த ஊர் போளூர். பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு நிலங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. சாலைகள் தோன்றுமுன் இம்மலைக்கு வேண்டிய பண்டங்கள் யாவும் மனிதர் தலையிலும் குதிரையின் முதுகிலுமே ஏறி வந்தன. பெரியகுளத்துப் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு வந்த வெள்ளையருட் பலர் நாற்காலியில் அமர, அவரையும் கூலியாட்களே சுமந்தனர். இந்நாளில் மலைவழி நடக்க விரும்புவோன் தன் பொருளைத் தானே சுமத்தல் வேண்டும். ஆதலின் எதனைக் கொள்வது, எதனை விடுவது என்னும் அறிவு அவனுக்கு இன்றியமையாததாகிறது.

இவ்வறிவைப் புகட்டும் நூல்கள் மேலை நாட்டில் பல உள. அமெரிக்காவில் காலணி தைக்கும் தொழிலினரான ஜார்ஜ் வாஷிங்டன் சியர்சு என்பார், நெஸ்மக் என்னும் புனைபெயரில், 1884-இல் 'வுட்கிராப்ட்' என்ற நூலை வெளியிட்டார். அவர் மெலிந்த உடலினர், பெருஞ்சுமை தாங்கவியலாதவர். தம் சிறு படகு, போர்வை, மாற்றுடை, இரண்டு நாள் உணவு அனைத்தும் சேர்ந்து 26 பவுண்டுக்கு, அஃதாவது ஏறத்தாழ 12 கிலோவுக்கு, மிகுந்ததில்லை என்று அவர் எழுதியுள்ளார். வலிமைக் குறைவே அவருக்கு ஆசானாயிற்று எனலாம்.

நூலெதுவும் எழுதாமலே பிறர்க்கு நூலாக விளங்கியவர் எம்மா கேட்வுட் அம்மையார். 1955-இல், தமது 67-ஆம் வயதில், துணிக் காலணி அணிந்து, தாமே தைத்த பையொன்றைத் தோளிலிட்டு, ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியே நடந்து முடித்தார். மழைக்கு அவர் கொண்டது குளியலறைத் திரை ஒன்றே!

1990-களில் ரே ஜார்டைன் என்பவர், மனைவியாருடன் நெடும்பாதைகளை நடந்து கண்ட முறைகளை நூல்களாக்கினார். கூடாரத்திற்கு மாற்றாக விரிதுணி, தாமே தைத்துக்கொள்ளும் பை என்பன அவர் கூறும் வழிகள். மைக் கிளெலண்டு 2011-இல் எழுதிய நூலோ 153 குறிப்புகளைப் படங்களுடன் தருவது. தொடக்கநிலையினர் முதலில் இதனைப் பயின்று, பின்னரே ஜார்டைனிடம் செல்லுதல் நன்று. இந்நூலார் கூறும் முதற்பாடம் தராசைப் பற்றியது. ஒவ்வொரு பொருளையும் நிறுத்து எழுதுக என்பர். உணவும் நீரும் நீங்கலாக 4.5 கிலோவுக்குட்பட்ட சுமையே மிக இலேசான சுமை எனப்படும். பை, கூடாரம், படுக்கை என்னும் மூன்றிலேயே பெரும்பகுதி எடை அடங்குமாதலின், அவற்றைக் குறைத்தவன் பல்துலக்கும் குச்சியை ஒடித்து எடை குறைக்க வேண்டுவதில்லை. உணவிலும் கணக்குண்டு: 100 கிராம் அரிசி 350 கலோரி அளவே தர, அதே எடையுள்ள நிலக்கடலை 550-க்கு மேல் தருகிறது.

ஆயினும் அயல்நாட்டு நூலை அப்படியே போளூருக்குக் கொண்டுவருதல் பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகையில் இம்மலையில் மழை ஓயாது. தை மாதத்து இரவில் குளிர் எலும்பைத் துளைக்கும். இங்குக் கம்பளியையும் மழையுடையையும் எடைக்கு அஞ்சி விட்டுச் செல்வோன் சிக்கனமுடையோன் அல்லன், அறியாதவன். கோடையிலோ காய்ந்த புல் தீப்பற்றும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, நடைப்பயணம் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

உள்ளூர் மலையின் இயல்பை உரைக்கும் நூல் தமிழில் இல்லையோ எனின், உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளையுடையது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு மலைவழி கூறுவது. அக்கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பைகளிற் கட்டி, பலாக்காய்க் கொத்துப்போலச் சுமந்தனர். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழியில் இரவில் நடவாது, விடிந்தபின் செல்க என்றும், பாசி படர்ந்து வழுக்குமிடத்தில் மூங்கிலையும் கோரையையும் பற்றிக் கடக்க என்றும் அது கூறுகிறது. பாதை பிரியுமிடத்தில் பின்வருவோர் அறியுமாறு புல்லை முடிந்து வைக்கவும் சொல்கிறது. எடையற்ற வழிகாட்டிப் பலகை அப்புல்முடி!

போளூரைச் சூழ்ந்த காடுகளில் நடக்க விழைவோர், பையைக் கட்டுமுன் வனத்துறையின் இசைவைப் பெறுதல் வேண்டும். வழியறிந்த உள்ளூரார் ஒருவரையும் உடன் கொள்ளுதல் வேண்டும்.