சதுப்பு நிலமும் புள்ளினமும்

ஸ்காட்லாந்து நாட்டின் வடகோடியில் கேத்னஸ், சதர்லந்து என்னும் பகுதிகள் உள்ளன. அங்கே கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மரமின்றிப் பரந்து கிடக்கும் சதுப்பு வெளிக்கு ‘ஃபுளோ கன்ட்ரி’ என்பது பெயர். அதன் பரப்பு ஏறத்தாழ 4,000 சதுரக் கிலோமீட்டர் ஆகும். மேலோட்டமாக நோக்குவார்க்கு அது பயனற்ற பாழ்நிலமாகவே தோன்றும்.

இந்நிலத்தை ஆக்கியது ஸ்பாக்னம் என்னும் சிறு பாசியே. அது பஞ்சு போன்று மழைநீரை உறிஞ்சித் தன்னுள் தேக்கிக்கொள்ளும். நீர் தேங்கிய இடத்தில் காற்றுப் புகாது. ஆதலால் மடிந்த பாசி முற்றும் மக்குவதில்லை. அஃது அடுக்கடுக்காகப் படிந்து, ‘பீட்’ என்னும் கரிய மண்ணாகிறது. இப்படிவு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். எனினும் சிற்சில இடங்களில் இதன் ஆழம் 10 மீட்டரை எட்டுகிறது. இது பல்லாயிரம் ஆண்டுகளின் சேமிப்பு என்பது இதனால் விளங்கும். செடிகள் காற்றிலிருந்து கவர்ந்த கரியும் இதனுள் அடங்கிக் கிடக்கிறது.

இளவேனில் பிறந்ததும் இங்குப் பறவைகளின் குரல் எழும். இங்குள்ள எண்ணற்ற சிறு குட்டைகளிலும் ஈரமண்ணிலும் பூச்சிகள் பல்கிப் பெருகும். பொன்னிற உப்புக்கொத்தி, பச்சைக்கால் உள்ளான், டன்லின் முதலியன தரையிலேயே கூடமைத்துக் குஞ்சு பொரிக்கும். மரமற்ற வெட்டவெளியே இவற்றிற்குக் காவல். பகை வருவதைத் தொலைவிலேயே காணலாமன்றோ? இவற்றுள் பச்சைக்கால் உள்ளான் இனம், குளிர்காலத்தில் இந்திய நீர்நிலைகளிலும் காணப்படுவதாகும்.

1980களில் இந்நிலத்திற்கு இடுக்கண் நேர்ந்தது. காடு வளர்ப்போர்க்குப் பிரித்தானிய அரசு வரிச்சலுகை அளித்தது. அதனை நாடிய செல்வர் பலர், கால்வாய் வெட்டி நீரை வடித்து, ஊசியிலை மரங்களை நடச் செய்தனர். சதுப்பு உலர்ந்தது. காகமும் நரியும் மரங்களிடையே ஒதுங்கின. பறவைகளோ தோப்புகளின் அருகில் கூடமைக்கவும் அஞ்சி விலகின.

அறிஞர் பலர் எடுத்துரைத்ததன் பயனாக, 1988-இல் அச்சலுகை நிறுத்தப்பெற்றது. பறவைப் பாதுகாப்புக்கான அரச சங்கம் 1995-இல் ஃபார்சினார்ட் என்னும் நிலப்பகுதியை விலைக்கு வாங்கியது. பின்னர் மரங்கள் வெட்டப்பெற்றன; கால்வாய்கள் அடைக்கப்பெற்றன. நீர் மீளவும் தேங்க, பாசி தளிர்த்தது. 2024-இல் யுனெஸ்கோ இச்சதுப்பு வெளியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

மரம் நடுதல் நல்லறமே. ஆயினும் இடனறிந்து செய்யாவிடின் நல்லறமும் தீங்காய் முடியும். சில ஆண்டுகளில் கெடுத்ததைத் திருத்தப் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. வெறுநிலம் என்று ஒன்றை இகழுமுன், அதனை நம்பி வாழும் உயிர்கள் எவை என்று ஆராய்தல் அறிவுடையார் கடனாகும்.