பிரிட்டனில் வேலையா? கம்பெனி பங்கு வாங்குமுன்...

ஊழியர் பங்குத் திட்டங்களுக்கான வரிச்சலுகை விதிகள் அங்கே 2003ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் உள்ளன.

• சேவ் அஸ் யூ எர்ன்: மாதம் 5 முதல் 500 பவுண்டு வரை, 3 அல்லது 5 ஆண்டு சேமிக்கலாம். முடிவில், தொடக்கத்திலேயே குறித்த விலைக்குப் பங்கு வாங்கலாம். அந்த விலை, தொடக்கத்தில் இருந்த சந்தை விலையைவிட 20% வரை குறைவாக இருக்கலாம். பங்கு விலை சரிந்தால் வாங்க வேண்டாம்; போட்ட பணத்தைத் திரும்பப் பெறலாம்.

• ஷேர் இன்சென்டிவ் பிளான்: ஆண்டுக்கு 1,800 பவுண்டு அல்லது சம்பளத்தில் 10%, எது குறைவோ அதுவரை பங்கு வாங்கலாம். பங்குகளை 5 ஆண்டு திட்டத்திலேயே விட்டுவைத்தால் வருமான வரி, தேசியக் காப்பீட்டுப் பிடித்தம் இல்லை.

• ராஜினாமாவுக்கு முன் திட்ட விதிகளைப் படியுங்கள். ஆட்குறைப்பில் வேலை போனால் சேவ் அஸ் யூ எர்ன் உரிமையைப் பயன்படுத்த 6 மாத அவகாசம் உண்டு.

• விற்கும்போது கிடைக்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி வரலாம்.