சுளுக்குக்குப் பனிக்கட்டி

மழை பெய்த மறுநாள், சரிவான நிரையில் பால் வாளியுடன் இறங்கும்போது கால் பிறழ்ந்துவிடுவது தோட்டத்தில் புதிதன்று. உடனே நாம் என்ன செய்கிறோம்? தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்து உருவுகிறோம். கிள்ளானிலிருந்து இரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் பெயர்பெற்ற பார்வையற்றோரின் உடம்புபிடி நிலையங்களை நாடுவோரும் உண்டு. உடம்பு பிடிப்பதைக் குறை கூறவில்லை. நாளைத்தான் தவறாகத் தேர்ந்தெடுக்கிறோம்.

கணுக்கால் பிறழும்போது எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் இழுபட்டுக் கிழிகின்றன; நுண்ணிய இரத்தக் குழாய்களும் அறுகின்றன. கசியும் இரத்தமும் நீருமே வீக்கமாகின்றன. அந்நேரத்தில் சூடு காட்டினால் குழாய்கள் விரிந்து கசிவு மிகும். அழுத்தி உருவினால் கிழிசல் பெரிதாகலாம். குளிர்ச்சியோ குழாய்களைச் சுருக்கி, அவ்விடத்தை மரக்கச் செய்து வலியைத் தணிக்கிறது.

பனிக்கட்டித் துண்டுகளைப் பிளாஸ்டிக் பையிலிட்டு, ஈரத்துணியால் சுற்றி, வீங்கிய இடத்தில் 10 முதல் 15 நிமிடம் வைத்தல் வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் வைக்கலாம். வெறும் பனிக்கட்டி தோலில் படலாகாது. ஒத்தடத்துடன் உறங்கிவிடவும் கூடாது. தோல் வெந்ததுபோல் புண்ணாகிவிடும். நீரிழிவால் காலில் உணர்ச்சி குன்றியவர்களுக்கு இவ்வாபத்து மிகுதி. அவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே இதைச் செய்ய வேண்டும்.

ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் 1978ஆம் ஆண்டு தம் நூலில் வகுத்துரைத்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அவரே 2014இல், பனிக்கட்டியும் நீண்ட ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். தம் சொல்லைத் தாமே திருத்திக்கொள்ளும் துணிவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை! வீக்கம் உடல் தன்னைப் பழுதுபார்க்கும் வேலையின் ஒரு பகுதி. ஆகவே, வலி தணிய முதல் இரண்டொரு நாள் பனிக்கட்டி போதும். பின்னர், வலி பொறுக்கும் அளவிற்குக் கணுக்காலை மெல்ல அசைத்து நடந்து பழக வேண்டும்.

நான்கு அடி ஊன்றி நடக்க இயலாவிட்டாலும், கணுக்கால் எலும்பைத் தொட்டால் வலித்தாலும் எலும்பு முறிந்திருக்கக்கூடும். கிள்ளான் வட்டாரத்தார் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குச் சென்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நன்று. வேலையில் நேர்ந்த காயமாயின் அன்றே மண்டோரிடம் தெரிவித்துவிடுங்கள். தகவலறிந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவிற்கு அறிவித்தாக வேண்டும்.

பாம்பு கடித்த இடத்தில் மட்டும் பனிக்கட்டி வைக்கவே கூடாது. அது நஞ்சைத் தடுக்காது. கடிவாயின் சதையைத்தான் மேலும் கெடுக்கும். கடிபட்ட காலை அசையாமல் வைத்து, அவரை நடக்கவிடாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.