சாயக் குஞ்சும் சிராவகர் கடமையும்

கொல்லாமையின் நுட்பத்தை உணர்த்த நம் முன்னோர் தந்த நூல்களுள் யசோதர காவியம் தனியிடம் பெற்றது. மாவினால் செய்த கோழியொன்றைப் பலியிட்ட வினையினால் யசோதர மன்னனும் அவன் அன்னை சந்திரமதியும் விலங்குகதியிற் பல பிறவிகள் எடுத்து உழன்றனர். இறுதியில் கோழிகளாகப் பிறந்த நிலையில்தான் முனிவரின் அறவுரை கேட்டு விரதம் ஏற்றனர். அதன் பயனாக அபயருசி, அபயமதி என்னும் மக்களாகப் பிறந்தனர். கோழியும் ஐம்பொறியும் மனமும் உடைய உயிர், அறம் கேட்கத் தகுதியுடைய உயிர் என்பது அக்காவியம் நமக்குத் தரும் செய்தியாகும்.

அத்தகைய உயிர் இன்று சென்னைத் தெருக்களில் பச்சை, சிவப்பு, ஊதாச் சாயம் பூசப்பெற்று, விளையாட்டுப் பொருளாக விற்கப்படுவதைக் காண்கிறோம். முட்டைக்காக வளர்க்கும் கோழியினத்தில் சேவற் குஞ்சு முட்டையிடாது. விரைந்து எடையும் கூடாது. ஆகவே குஞ்சு பொரிப்பகங்களில் பொரித்த முதல் நாளிலேயே பெட்டை வேறு, சேவல் வேறு எனப் பிரித்துச் சேவற் குஞ்சுகளைக் கழிக்கின்றனர். அவற்றுள் ஒரு பகுதியே சாயந்தோய்ந்து தெருவுக்கு வருகின்றது. அசோக் நகர் போன்ற இடங்களில் அடுக்ககங்களில் வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் இரக்கத்தாலோ ஆசையாலோ அதனை வாங்கி வந்துவிடுவதுண்டு. கோழி வளர்த்துப் பழகாத நம் இல்லங்களில் அது இரண்டொரு நாளில் இறந்துபோகின்றது. பிள்ளை அழுகிறது, பெரியோர் 'விதி' என்கின்றனர்.

விதி என்று விட்டுவிடலாமா? சோர்வினால், அதாவது பிரமாதத்தினால், ஓர் உயிர்க்கு ஊறு நேர்வதே இம்சை என்பது நம் ஆகமத் துணிபு. கத்தி எடுத்தால்தான் இம்சை என்பதில்லை; கவனியாது விடுதலும் இம்சையே. கொல்லாமை அணுவிரதத்திற்கு உரிய ஐந்து அதிசாரங்களை, அஃதாவது பழுதுகளை, உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் எடுத்துரைத்துள்ளார்: கட்டுதல், வருத்துதல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவ்வைந்தையும் ஒரு கோழிக்குஞ்சின்பால் பொருத்திப் பார்ப்போமாயின், அதுவே முழுமையான பராமரிப்புப் பாடமாக அமைவதைக் காணலாம்.

1. கட்டுதல்

குஞ்சு இருக்கும் அட்டைப் பெட்டி நடமாடும் அளவு அகலமும், பக்கங்களில் காற்றுத் துளைகளும் உடையதாக இருத்தல் வேண்டும். தரையில் வழவழப்பான செய்தித்தாளை மட்டும் விரித்தல் தவறு. அதன்மேல் நிற்க முயலும் குஞ்சின் கால்கள் இரு பக்கமும் வழுக்கி விரிந்து, நிற்கவே இயலாமற் போகும். சாக்குத் துணி அல்லது சொரசொரப்பான பழந்துணி விரித்தல் நன்று. கால்கள் விரிந்துவிட்டிருப்பின், மென்மையான பருத்தித் துணி நாடாவினால் இரு கால்களையும் இயல்பாக நிற்கும் இடைவெளி விட்டுத் தளர்வாக இணைக்க வேண்டும். நாள்தோறும் அவிழ்த்துப் பார்த்து, கால் வீங்காதவாறு மீண்டும் இணைத்தால் மூன்று நான்கு நாட்களில் பெரும்பாலும் சரியாகும். துன்புறுத்தக் கட்டுவதே அதிசாரம். நிற்கச் செய்யும் கட்டு மருத்துவம்.

2. வருத்துதல்

அடித்தால்தான் வருத்தம் என்பதில்லை. பொரித்த குஞ்சின் பூமயிர் உடற்சூட்டைக் காக்காது. தாயின் இறகுக்கு அடியிலிருக்கும் வெதுவெதுப்பு அதற்குத் தேவை. முதல் வாரத்தில் ஏறத்தாழ 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 5 டிகிரி குறைத்து வரலாம். வெப்பமானி இல்லையெனில் குஞ்சையே நோக்குக: ஓயாது கீச்சிட்டு வெப்பத்தை ஒட்டிக்கொண்டால் குளிர்; வாய் திறந்து மூச்சிரைத்து விலகினால் சூடு மிகுதி; அமைதியாகத் திரிந்து உறங்கினால் போதுமான அளவு.

எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றி வெப்பம் தராது. பழைய குண்டு விளக்கினைத் தொங்கவிடலாம். ஆயின் இரவில் அதனை நாடிவரும் பூச்சிகள் மடியும். ஆதலின் வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைத்து, ஆறியதும் மாற்றுதல் நம் நெறிக்கு ஏற்றது. சென்னையின் சித்திரை, வைகாசிப் பகலில் இதுவும் தேவைப்படாது; மார்கழி இரவில் தவறாது தேவை.

சாயத்தைப் போக்கக் குஞ்சினைக் குளிப்பாட்டுதல் கூடவே கூடாது. நனைந்த குஞ்சு குளிரால் இறக்கும். சில வாரங்களில் இறகு முளைக்கச் சாயம் தானே மறையும்.

3. உறுப்பறுத்தல்

பயணக் களைப்பு, குளிர், நீரின்மை இவற்றால் எச்சம் குழைந்து பின்புறத் துவாரத்தில் ஒட்டி உலர்ந்து அடைத்துக்கொள்ளும். கவனியாவிடின் குஞ்சு மடியும். உலர்ந்ததைப் பிடித்து இழுத்தால் தோல் கிழியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சினை ஒற்றி ஊறவைத்து, மெல்லத் துடைத்து, ஈரம் போக ஒற்றியெடுத்து, சிறிது தேங்காய் எண்ணெய் தடவுக. வயிற்றின் அடியில் தொப்புள் காய்ந்த பொருக்கு ஒன்று இருக்கும். அதனை எச்சம் எனக் கருதிப் பிய்த்தல் பெருந்தவறு.

கால் விரல்கள் உட்புறமாக மடங்குதல், உணவில் ரைபோபிளேவின் என்னும் பி2 உயிர்ச்சத்துக் குறைவதாலும் நேரும். தொடக்கத்திலேயே மருத்துவரைக் கேட்டு அச்சத்தினைக் கொடுத்தால் தேறும்.

4. மிகுபாரம் ஏற்றுதல்

பிறந்த குஞ்சு நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். பிள்ளைகள் கைமாற்றி மாற்றித் தூக்குவது அதற்குச் சுமக்கவொண்ணாத பாரமாகும். காலையும் மாலையும் சில மணித்துளிகள், தரையில் அமர்ந்தபடி, இரு உள்ளங்கைகளில் ஏந்தலாம். தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் இன்றியமையாதது. நலமாகத் தோன்றும் குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லாக் கிருமி இருக்கலாம். பெட்டியை அடுக்களையில் வைத்தலும், குஞ்சினை முத்தமிடலும் தவிர்க்கத்தக்கன. மனிதர்க்குரிய மாத்திரைகளைப் பொடித்துக் கொடுத்தலும் ஒருவகை மிகுபாரமே.

5. உணவும் நீரும் தடுத்தல்

முட்டையின் மஞ்சட்கருவை உள்வாங்கியே குஞ்சு வெளிவருகின்றது. அதனால் இரண்டு நாள் அளவு உணவின்றித் தாங்கும். தெருவில் விற்கும்போது அக்காலம் கழிந்திருக்கும். வந்தவுடன் வடிகட்டிய நீரில் சிறிது வெல்லம் கரைத்து, ஆழமற்ற தட்டில் வைத்து, அலகின் நுனியை ஒருமுறை நனைத்துக் காட்டுக. தட்டில் கூழாங்கற்களை இட்டால் குஞ்சு நீரில் விழுந்து மூழ்காது. மறுநாள் முதல் தூய நீர் போதும்.

அரிசிக் குருணை மட்டும் கொடுத்தால் வளர்ச்சி குன்றும். கடைகளில் விற்கும் குஞ்சுத் தீவனமே சத்து நிரம்பியது. ஆனால் அதில் மீன்தூள் சேர்ப்பதுண்டு. சோயா, மக்காச்சோளம் கொண்டு செய்த தீவனமா எனக் கேட்டு வாங்குக. உடன் முளைகட்டிய பாசிப்பயற்றை நசுக்கியும், முருங்கைக்கீரையை நறுக்கியும் சிறிது தரலாம். விரிப்பினை நாள்தோறும் மாற்றி உலர வைத்தல் பல நோய்களைத் தடுக்கும்.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலை

தொப்புள் ஈரமாகி நாறுதல், எச்சத்தில் இரத்தம், வாய் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்துத் திருகுதல், உணவு மறுத்துக் கண்மூடி நிற்றல் இவை வீட்டு வைத்தியத்திற்கு உட்பட்டவையல்ல. வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு முதல் விளங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், 1959இல் கேப்டன் சுந்தரம் குடும்பத்தாரால் தொடங்கப்பெற்ற புளூ கிராஸ் அமைப்பும் நம் நகரிலேயே உள்ளன. வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தினை முதல் வாரத்தின் முடிவில் இடுவது வழக்கம். அதனையும் அங்கே கேட்டறிக. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனையை நம் சமயத்தார் நடத்தி வருவதும் ஈண்டு நினைக்கத் தக்கது.

வாங்கலாமா?

'காப்பதற்காக வாங்கினேன்' என்பது நல்லெண்ணமே. ஆனால் நாம் தரும் பணம் மறுநாள் இன்னொரு கூடைக் குஞ்சுகளைத் தெருவுக்குக் கொண்டுவரும். எனவே விலைக்கு வாங்காமையே முதல் அறம். தனித்த குஞ்சு ஏங்குகிறதே எனத் துணைக்கு இன்னொன்று வாங்குதலும் அவ்வாறே தவிர்க்கத்தக்கது. ஒரு சிறு கண்ணாடியும் பக்கத்தில் மனிதக் குரலும் ஓரளவு துணையாகும். செர்மனி நாட்டில் சேவற் குஞ்சுகளை முதல் நாளிற் கொல்வது 2022 சனவரி முதல் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. வாங்குவோர் கேள்வி எழுப்பினால் வழக்கம் மாறும் என்பதற்கு அது சான்று.

எனினும் பிள்ளை ஏந்தி வந்த குஞ்சு நம் வாயிலில் நிற்குமாயின், அது அடைக்கலம் புகுந்த உயிர். அது சில மாதங்களில் கூவும் சேவலாக வளரும். அடுக்ககத்தில் வைத்திருத்தல் அரிது. இறைச்சிக்குக் கொடுக்காது இறுதிவரை காக்கும் இடத்தை, சிற்றூரில் உள்ள நம் உறவினர் இல்லமாயினும், விலங்குக் காப்பகமாயினும், முன்னரே தேடி வைத்தல் வேண்டும். இடையிற் கைவிடும் அடைக்கலம் அடைக்கலம் ஆகாது.

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் மூன்றனை ஒரு சிறு குஞ்சுக்கு நாம் அளிக்க இயலும். நான்காவதாகிய சாத்திர தானம் அதனைப் பேணும் பிள்ளைக்குக் கிடைக்கும்: அணுவிரதம் என்பது மனனம் செய்யும் பாடமன்று, நாள்தோறும் வெந்நீர்ப் புட்டியை மாற்றும் கவனமே என்பதை அக்குழந்தை தன் கைகளால் கற்றுக்கொள்ளும்.

வாழ்க ஜீவதயை! வெல்க ஜிநதருமம்!