புது நாய் சோறு தின்ன மாட்டேங்குதா?



ஆடு, கோழி வளர்க்கக் கடன் வாங்கிய உறுப்பினர்கள் நம் குழுக்களில் நிறையப் பேர் இருக்கிறோம். ஆடு வந்தால் பட்டி வேண்டும். பட்டி போட்டால் காவலுக்கு ஒரு நாய் வேண்டும். ராத்திரியில் நரியோ தெருநாய்க் கூட்டமோ உள்ளே புகுந்துவிட்டால் ஆடும் போய்விடும், கடன் மட்டும் நம் தலையில் நிற்கும். அதனால் சொந்தக்காரர் வீட்டிலிருந்தோ, பக்கத்து ஊரிலிருந்தோ, தெருவில் அனாதையாகத் திரிந்ததைப் பிடித்தோ ஒரு நாயைக் கொண்டுவருகிறோம். வந்த நாய் சோற்றை மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது. நமக்குக் கவலை வந்துவிடுகிறது.

சிலர் உட்கார்ந்து கெஞ்சி ஊட்டுகிறார்கள். சிலர் "கொழுப்பு" என்று சொல்லி ஒரு அடி போடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். முதலில் அது ஏன் சாப்பிடவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு அதற்குத் தக்கபடி நடக்க வேண்டும். இந்த மாதப் பாடம் இதுதான்.

காரணம் மூன்று

ஒன்று, பயம். இடம் புதுசு, ஆள் புதுசு, வாசனை புதுசு. தாயை விட்டு, பழைய வீட்டை விட்டு வந்த நாய் முதல் இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாது. மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். ஆள் பார்க்கும்போது தின்னாமல், இருட்டியதும் வந்து தின்னும்.

இரண்டு, பழக்கம். முன்பு இருந்த வீட்டில் கறியோ, கடையில் விற்கும் நாய்த் தீவனமோ தின்று பழகியிருக்கும். நம் வீட்டுச் சோறு அதற்குப் பிடிபடாது. அல்லது இங்கே வந்தபிறகு நாமே செல்லம் கொடுத்துக் கெடுத்திருப்போம்.

மூன்று, நோய். குடல் புழு, உண்ணிக் காய்ச்சல், வாயில் புண், வைரஸ் நோய் என்று எதுவாகவும் இருக்கலாம். இதை "அடம்" என்று நினைத்து விட்டுவிட்டால் நாய் செத்துப்போகும்.

முதல் மூன்று நாள்

வந்த அன்றே தெருப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று தொட்டுப் பார்க்க விடாதீர்கள். ஆள் நடமாட்டம் குறைந்த, நிழலான ஒரு மூலையில் சாக்கு விரித்து அதற்கு இடம் கொடுங்கள். எந்நேரமும் சுத்தமான தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். சாப்பாட்டை வைத்துவிட்டு நீங்கள் தள்ளிப் போய்விடுங்கள். முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றால் பயந்த நாய் வாயை வைக்காது.

முடிந்தால் பழைய வீட்டில் என்ன போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். முதல் சில நாள் அதையே போடுங்கள். பிறகு முக்கால் பங்கு பழையது, கால் பங்கு நம் வீட்டுச் சாப்பாடு என்று கலந்து, பாதிப்பாதி ஆக்கி, ஒரு வாரத்தில் முழுக்க மாற்றிவிடலாம். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும்.

தட்டையும் கவனியுங்கள். சில நாய்க்கு அலுமினியத் தட்டு தரையில் உரசும் சத்தமே பயம். கனமான மண் சட்டியோ அகலக் கிண்ணமோ வைத்துப் பாருங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி இடத்தில் வையுங்கள். பழைய நாய் உறுமினால் புதுசு பட்டினிதான் கிடக்கும்.

நாமே கற்றுக்கொடுக்கும் பாடம்

இப்படி ஒரு பேச்சை நம் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள்.

"அக்கா, எங்க வீட்டுக்குப் புதுசா வந்த நாய் சோத்தைத் தொடவே மாட்டேங்குது."

"என்ன வச்சே?"

"காலையில சோறு வச்சேன், தின்னலை. அப்புறம் ரொட்டி போட்டேன். சாயங்காலம் பாவமா இருந்துச்சுன்னு பிள்ளைக்கு வச்சிருந்த முட்டையைக் கொடுத்தேன். அதை மட்டும் லபக்குன்னு முழுங்கிருச்சு."

"ஓடியாடித் திரியுதா? வெளிக்கு ஒழுங்கா போகுதா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பக்கத்து வீட்டுப் பூனையை வெரட்டிக்கிட்டுத் திரியுது."

"அப்போ அதுக்கு நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. சோத்தை வேணாம்னு திரும்பினா முட்டை வரும்னு நீதான் தங்கச்சி அதுக்குப் பழக்கிவிட்டிருக்கே."

அந்த அக்கா சொன்னது சரிதான். மறுக்க மறுக்க நல்ல சாப்பாடு வரும் என்று நாய் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். நம் வீட்டில் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் போக வேண்டிய முட்டை இப்படி நாய்க்குப் போகும். அப்படியும் நாய் சோறு தின்னப் பழகாது.

வேளை வைத்துப் பழக்குவது எப்படி?

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட, சுறுசுறுப்பாக இருக்கிற நாய்க்குத்தான் இந்த முறை. சின்னக் குட்டியையும் நோய்ப்பட்ட நாயையும் பட்டினி போடக் கூடாது.

1. காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை. தினமும் அதே நேரம், அதே இடம், அதே சட்டி. வெயில் காலத்தில் வெயில் ஏறுவதற்கு முன்பும், பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள். உச்சி வெயிலில் எந்த நாயும் சரியாகத் தின்னாது.

2. வைத்துவிட்டு 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். கெஞ்ச வேண்டாம், அதட்ட வேண்டாம்.

3. நேரம் ஆனதும் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள்.

4. அடுத்த வேளை வரும் வரை வேறு எதுவும் கிடையாது. பிஸ்கட், முறுக்கு, பிள்ளைகள் தட்டிலிருந்து ஒரு வாய் எதுவும் வேண்டாம். இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். பாட்டி ஒரு பக்கம் ரொட்டி போட்டால் உங்கள் பாடு வீண்.

5. அடுத்த வேளையும் அதே சாப்பாட்டைப் புதிதாக வையுங்கள். ஊசிப்போனதை வைக்காதீர்கள்.

நல்ல உடம்புள்ள பெரிய நாய் ஒன்றிரண்டு வேளை விட்டாலும் பசி வந்து தின்றுவிடும். பெரும்பாலும் சில நாளில் வேளைக்குச் சட்டி முன்னால் வந்து நிற்கும். முழுசாக இரண்டு நாள் எதுவுமே தின்னவில்லை என்றால் இந்த முறையை விட்டுவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

குட்டிக்கு வயிறு சின்னது. நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, ஆறு மாதம் வரை மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டும். நாலு மாதத்துக்கு மேல் பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போது ஈறு வலிக்கும். அப்போது சோற்றைக் குழைத்துக் கொடுங்கள்.

என்ன வைக்கலாம்?

நாய்க்கு ருசியை விட வாசனைதான் பெரிசு. ஆறிக் குளிர்ந்த சோற்றில் வாசனை இருக்காது. வெதுவெதுப்பாக வைத்தால் மோந்துவிட்டுத் தின்னும்.

அரிசிச் சோறு, கம்பு, கேழ்வரகுக் களி எதுவும் ஆகும். ஆனால் வெறும் சோறு மட்டும் போதாது, புரதமும் வேண்டும். கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழி ஈரல், குடல், தோல் நீக்கிய கழிவுக்கறி இவற்றைச் சுத்தம் செய்து, உப்பு காரம் இல்லாமல் நன்றாக வேகவைத்து எலும்பை நீக்கிவிட்டு அந்தத் தண்ணீரோடு சோற்றில் பிசையுங்கள். வெந்த பூசணி, கேரட் கொஞ்சம் சேர்க்கலாம். கறியை மட்டும் பொறுக்கித் தின்கிற நாய்க்குத் துண்டாகப் போடாமல் மசித்துக் கலந்துவிட வேண்டும்.

பால் நிறைய ஊற்றாதீர்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கழியும். கொஞ்சம் தயிர் பரவாயில்லை.

எவ்வளவு வைப்பது என்று சந்தேகம் வந்தால் விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற இனங்களுக்கு உடல்வாகே ஒல்லி. அவற்றை வேறு நாயோடு ஒப்பிட்டுத் திணிக்க வேண்டாம்.

என்ன வைக்கக் கூடாது?

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். நம் சாம்பாரிலும் குழம்பிலும் இரண்டும் இருக்கிறது. ஆகவே மிச்சக் குழம்புச் சோற்றைத் தினமும் கொட்டுகிற வழக்கத்தை விடுங்கள். நாய்க்குத் தனியாகக் கொஞ்சம் எடுத்துவைத்துவிட்டுப் பிறகு நமக்குத் தாளிக்கலாம்.

சாக்லேட், திராட்சை, உலர்ந்த திராட்சை ஆகியவை நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பு ஊசி போல உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். உப்புக் கருவாடும் வேண்டாம். காய்ச்சல் அடிக்கிறது என்று நம் வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் ஆபத்து.

இது அடம் இல்லை, நோய்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

• குட்டி அரை நாளாக எதுவும் தின்னவில்லை
• வாந்தி, துர்நாற்றத்தோடு ரத்தக் கழிச்சல் (பார்வோ நோயாக இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டியை ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும்)
• கண்ணிலும் மூக்கிலும் சீழ், இருமல், உடம்பு வெட்டி இழுத்தல்
• ஈறு வெளுத்துப் போதல், உடம்பெல்லாம் உண்ணி, காய்ச்சல்
• வயிறு உப்பி, உடம்பு வற்றிப் போதல் (குடல் புழு)
• ஒரு நாளாகத் தண்ணீரும் குடிக்கவில்லை

ஒரு முக்கிய எச்சரிக்கை. நாய் தின்ன முயற்சி செய்கிறது, ஆனால் விழுங்க முடியவில்லை, கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் வழிகிறது, குரல் மாறிவிட்டது. இப்படி இருந்தால் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று நினைத்துக் கையை விட்டுப் பார்க்கத் தோன்றும். கண்டிப்பாகக் கையை விடாதீர்கள். வெறிநோயிலும் இப்படித்தான் இருக்கும். எங்கிருந்து வந்தது, தடுப்பூசி போட்டதா என்று தெரியாத புது நாய் என்றால் இன்னும் கவனம் தேவை. கடி பட்டு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்தும் நோய் வெளியே தெரியும். அப்படிப்பட்ட நாயைப் பிள்ளைகளும் ஆடுமாடும் நெருங்காமல் பார்த்துக்கொண்டு, உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

கடித்தாலோ, பிராண்டினாலோ, புண் மேல் எச்சில் பட்டாலோ, அந்த இடத்தை உடனே ஓடுகிற தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். சொன்ன நாட்களில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிந்தபிறகு மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. ஆனால் உடனே ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

நாயின் புழு ஆட்டையும் தாக்கும்

கிடா வெட்டும்போது தலை, ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்குப் போடுகிறோம். புது நாய் இதையாவது தின்னட்டுமே என்றும் போடுகிறோம். அதில் நாடாப்புழுவின் கட்டி இருந்தால் நாய் வயிற்றில் அது புழுவாக வளரும். நாயின் சாணத்தில் வரும் முட்டை புல்லில் ஒட்டி ஆட்டுக்குள் போகும். ஒரு வகைப் புழு ஆட்டின் மூளையில் கட்டியாகி, ஆடு தலையைச் சாய்த்து ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். இன்னொரு வகை மனிதருக்கும் வந்து ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி உண்டாக்கும்.

ஆகவே எந்தக் கறியையும் வேகவைத்தே போடுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும், வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் குடற்புழு மருந்து வேண்டும். எடைக்குத் தக்க அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் போட வேண்டும். வீட்டுக்கு வந்த புது நாய்க்குப் போட்டதா என்று தெரியாவிட்டால் மருத்துவரிடம் காட்டிப் போட்டுவிடுவதே நல்லது.

கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் யார் யார் வீட்டு நாய்க்கு இந்த ஆண்டு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறது? ஊக்குநர் ஒரு பட்டியல் எழுதுங்கள்.

2. போடாதவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து கால்நடை மருந்தகத்துக்குப் போக முடியுமா? நாய்கள் அதிகம் என்றால் ஊருக்கே முகாம் கேட்டுக் கூட்டமைப்பு மூலம் மனு கொடுக்கலாமா?

3. உங்கள் நாய் எத்தனை வேளை சாப்பிடுகிறது, யார் யார் இடையில் தீனி போடுகிறார்கள்? ஒரு வாரம் கவனித்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு இந்தப் பாடத்தை ஒருவர் வாசித்துக் காட்டுங்கள். கையை வாய்க்குள் விட வேண்டாம் என்ற பகுதியைப் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டு முறை வாசியுங்கள்.