இடது கைத் தழும்பு சொல்லும் பாடம்



உங்க இடது தோளுக்குக் கீழே பாருங்க. சின்ன வட்டத் தழும்பு இருக்கா? அது பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசி. (சிலருக்குத் தழும்பு விழாது, பயப்பட வேண்டாம்.) அந்த ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி! பிறகு ஏன் நமக்கு நோய் வரவில்லை?

கிருமி உடம்பில் நுழைந்தால் விழுங்கு செல்கள் அதை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும். செல் பாடத்தில் படித்தோமே லைசோசோம், அது பையோடு சேர்ந்து கிருமியைச் செரித்துவிடும். ஆனால் காசநோய்க் கிருமி லைசோசோமைச் சேரவிடாது. அதன் டி.என்.ஏ.வில் ஆர்.டி.1 என்ற பகுதியில் 9 ஜீன்கள் உள்ளன. இவற்றால் உண்டாகும் புரதங்கள் பையின் சுவரைக் கிழிக்க உதவும். விழுங்கு செல்லே செத்துப்போகும். அதைச் சுத்தம் செய்ய வரும் செல்களுக்குள்ளும் கிருமி புகுந்துகொள்ளும். காவல்காரன் வீட்டிலேயே குடியிருக்கும் திருடன்!

பிரான்சில் லில் நகரத்தில் கால்மெட், கெரான் என்ற விஞ்ஞானிகள் 1908-ல் மாட்டுக் காசநோய்க் கிருமியை எடுத்தார்கள். அதிலும் இதே ஜீன்கள் உண்டு. மாட்டுப் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்து, புதுத்துண்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 13 வருஷம், சுமார் 230 முறை! வெளியில் சுகமாக வளர்ந்த கிருமி அந்த 9 ஜீன்களையும் தொலைத்துவிட்டது. 1921-ல் அதை முதன்முதலாகக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். ஜீன்கள் காணாமல் போனது 1996-ல்தான் தெரிந்தது. 2002-ல் அவற்றைத் திருப்பிச் சேர்த்தபோது, எதிர்ப்பு சக்தி இல்லாத எலிகளில் கிருமி முன்பைவிட வேகமாகப் பெருகியது.

ஆகவே பி.சி.ஜி. கிருமியைப் பார்த்து நம் உடம்பு சண்டை பழகிக்கொள்கிறது. குழந்தைகளுக்கு மூளைக் காசநோய் வராமல் காக்க அது உதவும். பெரியவர்களுக்கு நுரையீரலில் வருவதை முழுசாகத் தடுக்காது.

எங்க அம்மாச்சிக்கு டி.பி. வந்தது. இரண்டு மாசத்தில் இருமல் நின்றதும், "சரியாப் போச்சு, இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திட்டாங்க. நாங்களும் சும்மா இருந்துட்டோம். மறுபடி ரத்தமா வந்தது. இருமல் நின்றாலும் செல்லுக்குள் ஒளிந்த கிருமி சாகவில்லை என்று இப்போதான் எனக்குப் புரிகிறது. இப்போ தினமும் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

உங்க வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கா? அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். கூட்டிட்டுப் போங்க. டாக்டர் சொல்லும் வரை மாத்திரையை நிறுத்த விடாதீங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு