மாங்காட்டில் வீடு: எவ்வளவு கடன் வாங்கலாம்?

கேள்வி: எங்கள் இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 75,000 ரூபாய். கையில் 12 லட்சம் இருக்கிறது. சென்னை அருகே மாங்காட்டில் 50 லட்சம் சொல்லும் ஃபிளாட்டை வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால், வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். பத்திரச் செலவு அதில் சேராது; உங்கள் சேமிப்பு கரைந்து போய்விடும். 40 லட்சம் கடனுக்கு, 8.5 சதவீத வட்டியில், 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். ஒருவர் சம்பளம் நின்றால் வீடே திணறும். கடனை 30 லட்சத்துக்குள் நிறுத்துங்கள். தவணை 26,000 அளவில் இருக்கும். பழைய ஃபிளாட்டாகத் தேடுங்கள். மெட்ரோவைச் சொல்லி விலை ஏற்றினால் நம்பாதீர்கள், நிலையம் மாங்காட்டில் இல்லை, குமணன்சாவடியில்தான். 2021 நவம்பர் மழையில் மாங்காட்டுத் தெருக்களில் வெள்ளம் நின்றது. முன்பணம் கொடுக்குமுன், தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள்.